வெள்ளிக்கிழமை ஊசி

மார்ச் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று போனை நீ வைத்தாயா நான் வைத்தேனா என்று இப்போது ஆராய வேண்டாம். போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் கத்துகிறோம், ஒரே நேரத்தில் அழுகிறோம். அதனால் ஒரு ஏற்பாடு. சாயங்காலம் ஏழு மணிக்கு உன் மகள் குண்டூசி வழக்கம்போல உன்னோடு பேசட்டும். நானும் நீயும் கடிதம் எழுதிக்கொள்வோம். கடிதத்தில் ஒருத்தி முடித்த பிறகுதான் அடுத்தவள் ஆரம்பிக்க முடியும். நம் வீட்டில் இதுவரை நடக்காத அதிசயம் அது.

அவளை மே மாதம் வீட்டுக்கு அனுப்பு என்கிறாய். டாக்டரம்மா சொல்லாமல் அனுப்ப மாட்டேன் என்கிறேன். பத்து லட்சம் பிள்ளைகளில் மூன்று நான்கு பேருக்கு வருகிற நோய் இது. உடம்பைக் காவல் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தசையையும் தோலையும் எதிரி என்று நினைத்து அடிக்கிறது. அதைத் தெரிந்த டாக்டர் இங்கே இருக்கிறார், உங்கள் ஊரில் இல்லை. ரயிலில் பதினோரு மணி நேரம். சும்மா வீம்புக்காகவா ஏழு மாதமாக அவளை இங்கே வைத்திருக்கிறேன்?

நல்ல செய்தியும் உண்டு. டாக்டரம்மா ஒரு ஸ்டாப் வாட்ச் வைத்திருக்கிறார். இவளைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையை மட்டும் தூக்கிப் பிடிக்கச் சொல்லுவார். ஆகஸ்ட்டில் வந்தபோது தலை தலையணையை விட்டு எழவே இல்லை. நீயும் பார்த்தாய். போன மாதப் பரிசோதனையில் ஒரு நிமிஷம் நாற்பத்தொரு விநாடி. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணை இறுக்கிக்கொண்டு தூக்கினாள். டாக்டரம்மா போதும் என்ற பிறகும் இறக்கவில்லை. உன் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது.

நீ தைத்து அனுப்பிய கவுன் வந்தது. அளவு சரி. போட்டுக்கொண்டு தெருவெல்லாம் சுற்றுகிறாள்.

அக்கா

மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஏற்பாடு எனக்குச் சம்மதம். போனில் நீ பஸ் ஓட்டுகிற மாதிரியே பேசுகிறாய். யார் குறுக்கே வந்தாலும் ஹாரன்தான்.

ஒரு நிமிஷம் நாற்பத்தொரு விநாடி. அதை இவரிடம் வாசித்துக் காட்டினேன். இவர் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவ்வளவு நேரம் அப்படியே நின்றார். பிறகு கரண்ட் கம்பி வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

அக்கா, நான் ஏன் அவசரப்படுகிறேன் என்று உனக்குப் புரியாது. நீ கண்டுபிடித்தவள், நான் அடித்தவள். போன ஜூன் மாதம் எங்கள் மாடிப்படியில் நாலாவது படியில் உட்கார்ந்துகொண்டு ஏற முடியவில்லை என்றாள். எட்டு வயதுப் பெண்ணுக்குப் படி ஏற முடியாதா என்று கேட்டேன். தலை வாரக் கையைத் தூக்கச் சொன்னால் தூக்க மாட்டாள். சோம்பேறி என்றேன். கண் இமை இரண்டும் ஊதா நிறமாக இருந்தது. கலர் பென்சிலைத் தடவிக்கொண்டாள் என்று நினைத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. மறுபடியும் தேய்த்தேன். அவள் அழ அழத் தேய்த்தேன். படியில் வைத்து, "நடிக்காதடி" என்று முதுகில் ஒன்று வைத்தேன்.

நீ வந்தபோது ஒரே பார்வையில் சொல்லிவிட்டாய். பஸ் படியில் அவள் தன் தொடையைத் தானே இரண்டு கையாலும் தூக்கி வைத்ததைப் பார்த்து, "இது சோம்பேறித்தனம் இல்ல, இவளால முடியல" என்றாய். தினமும் ஆயிரம் பேர் படி ஏறுவதைக் கண்ணாடியில் பார்க்கிறவள் நீ. நான் துணியின் அளவைப் பார்க்கிறவள், பிள்ளையைப் பார்க்கவில்லை.

அந்தக் கணக்கை நேர் செய்ய எனக்கு அவள் பக்கத்தில் வேண்டும். ஏழு மணிப் போன் போதாது. டாக்டரம்மாவிடம் நேராகக் கேள், எப்போது வீட்டுக்கு அனுப்பலாம் என்று. அவர் சொல்வதை அப்படியே எழுது.

கவுனைப் போட்டுக்கொண்டு அவள் நிற்கிற ஒரு படம் அனுப்பு. வெயில் படக்கூடாது என்பதால் முழுக்கை வைத்தேன், கழுத்தை உயர்த்தினேன். சூரியகாந்திப் பூ நிறத்தில் அந்தத் துணி கிடைக்க மூன்று கடை ஏறி இறங்கினேன்.

உன் தங்கச்சி

மார்ச் 22

தங்கச்சி,

கேட்டேன். பார்க்கலாம் என்றார். அவ்வளவுதான்.

அடித்ததையே நினைத்துக்கொண்டிராதே. இங்கே மூன்று டாக்டர்கள் வளர்ச்சி வலி என்று சொல்லி அனுப்பிய பிள்ளைகள் டாக்டரம்மாவின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். படித்தவர்களுக்கே தெரியவில்லை. தையல் மெஷின் முன்னால் இருப்பவளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் சோப்புப் போட்டதை அவள் இன்னும் மறக்கவில்லை. போன வாரம் வரிசையில் ஒரு புதுப் பையன், இமை அதே ஊதா நிறம். அவன் அம்மா ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். இவள் எழுந்துபோய், "ஆன்ட்டி, துடைச்சா போகாது. உள்ள இருந்து வருது. மருந்து சாப்பிட்டா தானா போகும், எனக்குப் போயிடுச்சு பாருங்க" என்று இமையை மூடிக் காட்டினாள். அந்த அம்மா துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை, இருபத்திரண்டு வருஷம் விபத்தில்லாமல் ஓட்டியதற்கு மெடல் கொடுத்தபோதுகூட.

வெள்ளிக்கிழமை ஊசி எப்படிப் போகிறது என்று போனில் அவளிடம் கேட்டாயாம். பள்ளி விட்டு வந்து பால் குடிப்பாள். பிறகு தொடையில் ஊசி. ஒரு வாரம் வலது, ஒரு வாரம் இடது. குத்துகிற வலி அவளுக்குப் பெரிசே இல்லை. அந்த மருந்து குடலைப் புரட்டிவிடும். சனிக்கிழமை பாதி நாள் வாளியும் கையுமாகத்தான் இருப்போம். மத்தியானம் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் விடிகாலையில் கிளம்புகிற முதல் பஸ்ஸை விட்டுக்கொடுத்துவிட்டு, சனிக்கிழமை லீவு வருகிற மாதிரி ஷிஃப்ட் மாற்றினேன்.

தினமும் சாப்பிடுகிற ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் வீங்கியதற்குப் பள்ளியில் பன் என்று கூப்பிடுகிறார்கள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "பன் எல்லாருக்கும் பிடிக்கும்ல" என்றாள். மாத்திரை குறையக் குறைய முகமும் வடிகிறது. பன் இப்போது பிஸ்கட் அளவுக்கு வந்துவிட்டது.

படம் எடுக்க முடியவில்லை, போனில் கேமரா கெட்டுப் போயிருக்கிறது.

அக்கா

ஏப்ரல் 1

அக்கா,

எனக்குக் காது குத்தாதே. கேமரா கெட்ட போனிலிருந்துதான் ஞாயிற்றுக்கிழமை அவள் வரைந்த பஸ்ஸைப் படம் எடுத்து அவள் அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறாள்.

நான் ஒரு வேலை செய்தேன். கவுனின் இடது பக்கத் தையலுக்குள் ஒரு ரகசியப் பை வைத்து, அதற்குள் கட்டைவிரல் அளவில் ஒரு துணிப் பொம்மை வைத்திருந்தேன். ஒரு முறை போட்டிருந்தாலும் கை தானாக அங்கே போயிருக்கும். நேற்று ஏழு மணிக்கு, பைக்குள் இருந்தது பிடித்ததா என்று கேட்டேன். "எந்தப் பை" என்றாள். உடனே சுதாரித்துக்கொண்டு, "ஆமாம்மா, சூப்பரா இருக்கு" என்றாள்.

எட்டு வயதுப் பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்கியிருக்கிறாய். நான் தைத்தது அவள் உடம்பில் படக்கூடாது என்று உனக்கு அப்படி என்ன வஞ்சம்? டாக்டரம்மா "பார்க்கலாம்" என்றாராம். ஒரு டாக்டர் ஒரே வார்த்தையில் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. உனக்கென்று ஒரு பிள்ளை இல்லை, அதனால் என் பிள்ளையை மெதுவாக உன் பிள்ளையாக்கிக்கொள்ளப் பார்க்கிறாய். எழுதக்கூடாது என்று நேற்று ராத்திரி முழுக்கப் பொறுத்தேன். எழுதிவிட்டேன்.

மே இரண்டாம் தேதி ரயிலுக்கு இவர் டிக்கெட் எடுத்துவிட்டார். வந்து கூட்டிக்கொண்டு போகிறோம். அங்கே வந்து சண்டை போட எனக்குத் தெம்பில்லை, பெட்டியைக் கட்டி வை.

உன் தங்கச்சி

ஏப்ரல் 9

தங்கச்சி,

உன் கடிதத்தை டிப்போவில் வைத்துப் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது. அதற்குப் பிறகு நான்கு டிரிப் ஓட்டினேன், எந்த நிறுத்தத்தில் யார் ஏறினார்கள் என்று எனக்குத் தெரியாது.

முதலில் கவுன். அந்த வெள்ளிக்கிழமை மருந்தின் நிறம் மஞ்சள். முதல் இரண்டு மாதம் ஊசி போட்ட பிறகுதான் வாந்தி எடுத்தாள். பிறகு ஊசியைப் பார்த்ததும் எடுத்தாள். பிறகு மஞ்சளாக எதைப் பார்த்தாலும் எடுத்தாள். மனசு பழகிப்போய் முன்கூட்டியே புரட்டுகிறதாம், நிறைய பிள்ளைகளுக்கு இப்படி வருமாம். நம்ப மாட்டாய், என் வீட்டில் மஞ்சள் என்று ஒரு பொருள் கிடையாது. திரைச்சீலையை மாற்றினேன். முட்டையில் வெள்ளை அவளுக்கு, கரு எனக்கு, அதுவும் சமையலறைக்குள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு தின்கிறேன். வாழைப்பழத்தைத் திருட்டுப் பொருள் மாதிரி பேப்பரில் சுற்றி எடுத்து வருகிறேன். அப்படிப்பட்ட வீட்டுக்கு நீ மூன்று கடை ஏறி இறங்கி அந்தத் துணியைத் தேடி அனுப்புகிறாய்.

பார்சலைப் பிரித்ததும் பாத்ரூமுக்கு ஓடினாள். வாயைக் கழுவிக்கொண்டு வந்து, கவுனைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அம்மாகிட்ட சொல்லிடாத பெரியம்மா. அம்மா பாவம். நான் போட்டுக்கிட்டேன்னு சொல்லிடலாம்" என்றாள். பொய் சொல்ல நான் பழக்கவில்லை. உன் மனசு நோகக்கூடாது என்று அவள்தான் எனக்குப் பழக்கினாள்.

இதோடு நிறுத்தியிருந்தால் ஜெயித்தவள் நானாக இருப்பேன். ஆனால் எனக்கென்று ஒரு பிள்ளை இல்லை என்று நீ எழுதிய வரியைத் தாண்டிப் போக முடியவில்லை, அதில் பாதி உண்மை என்பதால்.

பிப்ரவரி பதினெட்டாம் தேதி, ஒரு நிமிஷம் நாற்பத்தொரு விநாடி தலையைத் தூக்கிய அதே நாள், டாக்டரம்மா அவளை எடை பார்க்க அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார். இனி வீட்டுக்கு அனுப்பலாம், ரத்தப் பரிசோதனையை அங்கேயே எடுத்து அனுப்பலாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை இங்கே வந்தால் போதும், ஊசியை அம்மாவே போடப் பழகிக்கொள்ளலாம் என்று. அம்மாவிடம் சொல்லிவிடுகிறீர்களா என்று கேட்டார். சரி என்று தலையாட்டினேன்.

ஏழு வாரம் மறைத்தேன். நீ ஊசி போட மாட்டாய், பிள்ளை அழுதால் ஒரு வாரம் விட்டுவிடுவாய், ஒரு வாரம் இரண்டாகும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பயம்தான், ஆனால் அது மட்டும் இல்லை. வேலை முடிந்து வரும்போது என் ஜன்னலில் வெளிச்சம் தெரிகிறது. கதவைத் திறந்ததும் இன்றைக்கு எத்தனை பேர் பஸ்ஸுக்குக் குறுக்கே வந்தார்கள் என்று ஒரு குரல் கேட்கிறது. நாற்பத்தெட்டு வயதில் எனக்கு அது பழகிவிட்டது. விட மனசு வரவில்லை.

நான் செய்தது தப்பு. பெட்டி கட்டியாகிவிட்டது.

அக்கா

ஏப்ரல் 17

அக்கா,

இது மூன்றாவது தாள். முதல் தாளில் உன்னைத் திட்டினேன். இரண்டாவது தாளில் அதைவிட அதிகமாகத் திட்டினேன். இரண்டையும் கிழித்துப் போட்ட பிறகும் கோபம் போகவில்லை, அதனால் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். ஏழு வாரம் என் பிள்ளையை என்னிடம் வரவிடாமல் வைத்திருந்தாய். அதற்கு உன்னை இன்னும் நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும்போது எழுதுகிறேன்.

இப்போது மற்றது. இவர் உன் கடிதத்தை வாசித்துவிட்டு, "சுவரைப் பார்த்து நின்னு முட்டை தின்ன ஆளைப் போய் நீ என்னவெல்லாம் எழுதிட்ட" என்றார். அன்றைக்கு எனக்கு மெஷினில் உட்கார முடியவில்லை. இருபத்திரண்டு வருஷம் முதல் பஸ்ஸை ஓட்டியவள் நீ. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள் என்று டிப்போவே சொல்லும். அதை என் மகளின் ஒரு சனிக்கிழமைக்காக விட்டிருக்கிறாய், அதையும் ஏதோ போகிற போக்கில் எழுதுகிறாய். தலையைத் தூக்கியது அவள். அவளைத் தூக்கி நிறுத்தியது நீ. நான் எழுதிய அந்த வரிக்காக உன் காலில் விழுகிறேன்.

அந்தச் சின்னப் பெண் பாத்ரூமிலிருந்து வந்து என் மனசைப் பற்றி யோசித்திருக்கிறாள் என்பதை நினைத்தால்தான் தாங்கவில்லை. இவ்வளவு நாளாக நான்தான் அவளுக்குக் கடன்பட்டவள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பாதுகாத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் ஊசி போட மாட்டேன் என்று நீ எழுதியது சரியாக இருக்கலாம். அதனால் மே மூன்றாம் தேதி வந்ததும் எனக்குக் கற்றுக்கொடு. இரண்டு வாரம் லீவு எடுத்திருக்கிறேன், இரண்டு வெள்ளிக்கிழமை வரும். முதல் வெள்ளி நீ போடு, நான் பார்க்கிறேன். இரண்டாவது வெள்ளி நான் போடுகிறேன், நீ வாயை மூடிக்கொண்டு பார். ஊசிக் குழாய்க்கு உறை தைத்திருக்கிறேன், கறுப்புத் துணியில், நுனி மட்டும் வெளியே வருகிற மாதிரி. மருந்தை அளந்து எடுத்த பிறகு மாட்டிவிட்டால் அவளுக்கு நிறம் தெரியாது. ஆறு உறை தைத்தேன். ஒன்றில் பூ வேலையும் செய்தேன்.

உன் தங்கச்சி

மே 18

தங்கச்சி,

ஊர் போய்ச் சேர்ந்த செய்தியை மாப்பிள்ளை சொன்னார். அவள் நன்றாகத் தூங்கினாளா? ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வெயில் கையில் படும், மேல் கைக்குக் களிம்பு போட்டாயா? இதையெல்லாம் கேட்கக் கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும், நேரில் சொன்னால் உனக்குத் தலைக்கனம் ஏறும் என்று சொல்லவில்லை. அந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை உன் கை நடுங்கவில்லை. முகம்தான் நடுங்கியது. நான் முதல் முறை போட்டபோது இரண்டும் நடுங்கின, நர்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். உன்னைப் பற்றி நான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன். சனிக்கிழமை காலையில் அவள் வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தபோதும் நீ அழாமல் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாய். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

வீடு சுத்தமாக இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. முதல் பஸ்ஸைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன், கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன். மறந்துவிடாதே, ஊசிக்கு மறுநாள் அந்தச் சின்ன வைட்டமின் மாத்திரை. படி ஏறும்போது கையைப் பிடிக்காதே, பின்னால் நில். காய்ச்சல் வந்தால் தானாகப் போகும் என்று உட்கார்ந்துவிடாதே, அன்றே டாக்டரம்மாவுக்குப் போன் செய்.

அக்கா

மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

களிம்பு போட்டேன். மாத்திரை கொடுத்தேன். பின்னால்தான் நிற்கிறேன். போதுமா?

நம் வீட்டில் நான் தனியாகப் போட்ட முதல் வெள்ளிக்கிழமை முந்தாநாள்தான். காலையிலிருந்து எனக்கு அதே நினைப்பு. மூன்று சட்டைக்குக் கை மாற்றித் தைத்துவிட்டேன். சாயங்காலம் அவள் பாலைக் குடித்துவிட்டு வந்து, தொடையைக் காட்டி உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தாள். "இந்த வாரம் இடது பக்கம்மா. கண்ணை மூடாத, நான்தான் மூடணும். ஊசி பிடிக்கிறது உனக்குத் தொழில்தான, ஏன் பயப்படுற?" போட்டு முடித்ததும் என் கன்னத்தைத் தட்டி, நல்லாப் போட்டம்மா என்றாள். எனக்கு யாரும் எந்த வேலைக்கும் அப்படிச் சொன்னதில்லை. மாடிப்படி பதினெட்டையும் இப்போது ஒரே மூச்சில் ஏறுகிறாள், நாலாவது படியில் நிற்பது நான்தான்.

மன்னிக்கும்போது எழுதுகிறேன் என்றேன் இல்லையா? ஆகஸ்ட் பரிசோதனைக்கு வரும்போது உன் வீட்டில் ஒரு மாதம் அவள் இருக்கட்டும். நானும் இவரும் பேசித்தான் முடிவு செய்தோம். வருஷத்துக்கு ஒரு மாதம், அவளுக்கு எவ்வளவு வயதானாலும். அதை மன்னிப்பு என்று வைத்துக்கொள், வேறு பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

நேற்று சனிக்கிழமை. காலையில் நான் சமையலறையில் இருந்தேன், இவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டாள். அரைத் தூக்கம், குமட்டல் ஆரம்பித்துவிட்டது போல. "பெரியம்மா" என்று கூப்பிட்டாள். இவர் சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். அவள் மறுபடியும் கூப்பிட்டாள், "பெரியம்மா, வாளி."

நான் திருத்தவில்லை அக்கா. "இதோ வந்துட்டேன்" என்று எடுத்துக்கொண்டு போனேன்.

உன் தங்கச்சி